பேனல் டிரக் பக்கம் புதிதாக வருகிறவர்களுக்கு

1. ஜன்னல் இல்லாத பழைய அமெரிக்க வண்டியெல்லாம் பேனல் டிரக் ஆகிவிடாது. குனிந்து சேஸியைப் பாருங்கள். லாரி சேஸி என்றால் பேனல் டிரக். கார் சேஸி என்றால் செடான் டெலிவரி. பூக்கடைக்காரரும் மருந்துக்கடைக்காரரும் விரும்பியது இதைத்தான். சுமை குறைவு, வாசலில் நின்றால் லட்சணம்.

2. எந்த வருஷம் என்று கேட்பதற்கு முன், இதில் என்ன ஏற்றினார்கள் என்று கேளுங்கள். சாமானா, ஆளா? ஆள் ஏற்றியது வேகன். ஃபோர்டு மாடல் டி சேஸியை மட்டும் வாங்கி, உள்ளூர்த் தச்சுப் பட்டறையில் மரப் பாடி கட்டி, ரயிலடியில் இறங்கியவர்களைப் பெட்டி படுக்கையோடு ஓட்டலுக்குக் கொண்டுபோனார்கள். அதுதான் டிப்போ ஹேக். வேகன் வம்சம் அங்கேதான் தொடங்குகிறது. 1929ல் ஃபோர்டே மாடல் ஏ-யில் மர வேகன் விற்க ஆரம்பித்தது. மிச்சிகனில் அதற்குச் சொந்தக் காடே இருந்தது.

3. மர வண்டியை முதல் வண்டியாக வாங்காதீர்கள். வருஷா வருஷம் வார்னிஷ் கேட்கும். மெக்கானிக் கிடைப்பார், ஆசாரி கிடைக்கமாட்டார்.

4. 1935ல் வந்த செவர்லே சபர்பன் கேரியாலை நன்றாகப் படியுங்கள். அரை டன் லாரி சேஸி, முழு இரும்புப் பாடி, இரண்டே கதவு, எட்டுப் பேர் உட்காரலாம். சீட்டைக் கழற்றினால் சாமான் வண்டி. 1947ல் தொடங்கிய வரிசையில் மாடல் எண் 3105 என்றால் பேனல். 3106, பின்னால் இரட்டைக் கதவு உள்ள சபர்பன். 3116, டெயில்கேட் உள்ளது. பேனல் டிரக்கில் ஜன்னல் வெட்டிவிட்டுச் சபர்பன் என்று விற்கிறவர்களும் உண்டு. கண்ணாடி விளிம்பை உள்பக்கமாகத் தடவுங்கள். கம்பெனி வேலை என்றால் தகடு ஒரே சீராக மடங்கியிருக்கும். வெட்டியது என்றால் வெல்டிங் மேடு விரலில் தட்டும், அல்லது பட்டி பூசியிருக்கும்.

5. 1946 வில்லிஸ் ஜீப் வேகன் என் செல்லம். வரைந்தவர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ். வீட்டுச் சாமான்களுக்குத் தகடு அடிக்கிற பட்டறைகளில் பாடி செய்யவேண்டியிருந்தது. அங்கே தகட்டை ஆழமாக வளைக்க முடியாது. அதனால்தான் அந்தத் தட்டையான உடம்பு. இரும்பின்மேல் மரம் மாதிரி பெயின்ட் வேறு! சிரிக்காதீர்கள், டிங்கரிங் பழக இதைவிட நல்ல வண்டி இல்லை.

6. வாங்கும்போது பின்பக்கம் முழுசாக இருக்கிறதா பாருங்கள். பானெட், முன் மட்கார்டு எல்லாம் பிக்கப்போடு பொது, தேடினால் கிடைக்கும். பின்கதவும் பக்கத் தகடும் கிடைப்பது குதிரைக்கொம்பு. எஞ்சின் செத்திருந்தால் பரவாயில்லை.

7. பழைய பெயின்டைச் சுரண்டுவதற்கு முன் ஈரத்துணியால் துடைத்து, சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் பேக்கரிப் பெயரோ பிளம்பர் பெயரோ தெரியலாம். தெரிந்தால் போட்டோ எடுக்காமல் கை வைக்கக்கூடாது.

8. 1961ல் ஃபோர்டு எக்கனோலைன் வந்தது. முன் சீட்டுகளுக்கு நடுவே எஞ்சின், மூக்கே கிடையாது, அத்தனை நீளமும் சாமானுக்கு. வியாபாரிகள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். செவர்லேயோ 1970 வரை பேனல் டிரக்கை விடவில்லை. கையில் காசு குறைவு என்றால் அந்தக் கடைசி வருஷ வண்டிகளிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.