கச்சேரிக்குப் போன 'கர்நாடகம்'
(பத்திரிகைக்காரர் கல்கியைப் பற்றி ஒரு பார்வை)



கல்கி என்றதும் நம்மில் பலருக்கு வந்தியத்தேவனும் அவன் குதிரையும்தான் ஞாபகத்துக்கு வரும். செமஸ்டர் பரீட்சை நேரத்தில் பாடப்புத்தகத்துக்குள் வைத்து 'பொன்னியின் செல்வ'னின் ஐந்து பாகத்தையும் முடித்த வீரர்கள் நம் ஹாஸ்டலில் உண்டு. அந்த நாவலாசிரியரைப் பற்றி எழுத நான் வரவில்லை. வாராவாரம் கச்சேரி கேட்டு, நாடகமும் சினிமாவும் பார்த்து, ஊர் ஊராகச் சுற்றி, அதையெல்லாம் எழுதிப் பிழைத்த ரா. கிருஷ்ணமூர்த்தி என்ற பத்திரிகைக்காரரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பிரிண்டிங் டெக்னாலஜி படிக்கிறவனுக்கு இவர் மேல் ஒரு தனிப் பாசம்.

1899 செப்டம்பர் 9 அன்று மாயூரத்துக்குப் பக்கத்தில் புத்தமங்கலம் என்ற கிராமத்தில் பிறந்தார். திருச்சியில் உயர்நிலைப் படிப்பு. அதை முடிக்காமலேயே 1921-ல் ஒத்துழையாமை இயக்கத்துக்காக உதறிவிட்டு வந்துவிட்டார். மறு வருஷம் ஜெயில். வெளியே வந்தபோது கையில் சர்ட்டிபிகேட் இல்லை. அப்புறம் என்ன செய்தார்? 1923-ல் திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் உதவியாசிரியரானார். மொழிபெயர்ப்பு, தலைப்பு போடுவது, புரூப் பார்ப்பது, இடம் காலியாக இருந்தால் நாலு வரி எழுதி ரொப்புவது என்று உதவியாசிரியர் தலையில் எல்லா வேலையும் விழும். நம்ம பாஷையில் சொன்னால் ஒர்க்‌ஷாப் பிராக்டிகல்.

அதற்கடுத்தது திருச்செங்கோடு காந்தி ஆசிரமம். ராஜாஜியின் 'விமோசனம்' பத்திரிகை முழுக்க முழுக்க மதுவிலக்குப் பிரசாரத்துக்காகவே வந்தது. மாசா மாசம் 'குடிக்காதே' என்ற ஒரே விஷயத்தை, படிக்கிறவனுக்கு அலுக்காமல் எத்தனை விதமாகச் சொல்ல முடியும்? யோசித்துப் பாருங்கள். கதையாகச் சொல்லணும், கிண்டலாகச் சொல்லணும், படமாகப் போடணும். இந்தச் சாணையில் தீட்டப்பட்ட பேனாதான் பிறகு 'ஆனந்த விகட'னுக்கு வந்தது என்பது என் எண்ணம். விகடனில் 1928-லேயே 'ஏட்டிக்குப் போட்டி' என்று ஒரு கட்டுரை எழுதி வாசனின் கவனத்தைப் பிடித்திருந்தார். முப்பதுகளில் அந்தப் பத்திரிகையின் ஆசிரியரே ஆகிவிட்டார்.

இப்போதுதான் நான் சொல்ல வந்த விஷயத்துக்கே வருகிறேன். விகடனில் 'ஆடல் பாடல்' என்று ஒரு பகுதி. சங்கீதம், நாட்டியம், நாடகம், சினிமா எல்லாம் அதில் அலசப்படும். எழுதுகிறவர் பெயர் 'கர்நாடகம்'. கர்நாடக சங்கீதம் என்றும் எடுத்துக்கலாம்; "சுத்த கர்நாடகம்பா அவர்!" என்று பழைய பஞ்சாங்கத்தைச் சொல்வோமே, அப்படியும் எடுத்துக்கலாம். தன்னைத்தானே கிண்டல் பண்ணிக்கொண்டு ஒரு விமர்சகர் சபைக்குள் நுழைகிறார் என்றால், வித்வானுக்கும் கொஞ்சம் பயம் இருந்திருக்கும், வாசகனுக்கோ கொண்டாட்டம். (தமிழ்த்தேனீ, அகஸ்தியர், லாங்கூலன் என்று வேறு புனைபெயர்களும் உண்டு. லாங்கூலம் என்றால் வால். மனுஷன் வாலை மறைக்கவில்லை!)

எங்கள் வீட்டில் யாருக்கும் ராகம் தெரியாது. ரேடியோவில் ஆலாபனை ஆரம்பித்தால் ஸ்டேஷனை மாற்றிவிடுகிற குடும்பம். அப்படிப்பட்டவனும் 'கர்நாடகம்' எழுதியதைப் படிக்க முடிகிறது. காரணம், அவர் ஸ்வரக் கணக்குப் போட்டு மிரட்டுவதில்லை. பாட்டு மனசில் என்ன செய்தது, சபையில் ஜனங்கள் எப்படிக் கேட்டார்கள், எந்த இடத்தில் பாடகர் நம்மைச் சோதித்தார் என்று, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி எழுதினார்.

சும்மா தமாஷோடு நின்றுவிடவில்லை. அந்தக் காலத்துக் கச்சேரிகளில் தெலுங்குக் கீர்த்தனைகளும் சம்ஸ்கிருதமும்தான் பிரதானம். தமிழ்ப் பாட்டு கடைசியில் துக்கடாவாக வரும். கேட்கிறவன் தமிழன், பாடுகிறவரும் பெரும்பாலும் தமிழர், அப்புறம் ஏன் இப்படி? 1941-ல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் அண்ணாமலைநகரில் தமிழ் இசை மாநாட்டைக் கூட்டியபோது சென்னை சங்கீத உலகமே இரண்டு பட்டது. சங்கீதத்துக்கு மொழி முக்கியமில்லை, தரம்தான் முக்கியம் என்றது மியூசிக் அகாடமி தரப்பு. கல்கி தமிழிசைப் பக்கம் நின்றார். தினம் சபாவில் முகம் பார்க்கிற வித்வான்களையும் ரசிகப் பிரமுகர்களையும் பகைத்துக்கொள்கிற வேலை அது. அந்த வாதங்களை 'சங்கீத யோகம்' என்ற புத்தகத்தில் படிக்கலாம். தியாகராஜரைக் குறைத்துப் பேசாமலே தமிழுக்கு இடம் கேட்கிறார் பாருங்கள், அந்த நாகரிகம்தான் எனக்குப் பிடித்தது.

அதே 1941 ஆகஸ்டில், விகடனை விட்டு வெளியே வந்து, டி. சதாசிவத்தோடு சேர்ந்து 'கல்கி' வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்த பணம்தான் முதலுக்கு உதவியது. இங்கே எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கூட்டாளியின் மனைவி முன்னணிப் பாடகி. 1945-ல் வந்த அவருடைய 'மீரா' படத்துக்குக் கல்கியே பாட்டும் எழுதினார். இந்த நிலையில் ஒரு விமர்சகரின் தராசு ஆடாமல் நிற்குமா? எம்.எஸ். பாட்டு புகழத் தகுந்ததுதான், அதில் சண்டையில்லை. ஆனாலும் வாசகன் இதை மனசில் வைத்துக்கொண்டு படிப்பதே நியாயம்.

அவரையும் மற்றவர்கள் விட்டுவைக்கவில்லை. அவர் கதைகளில் இங்கிலீஷ் சரக்கு இருக்கிறது என்று போட்டுத் தாக்கியவர் புதுமைப்பித்தன். அவர் வைத்துக்கொண்ட புனைபெயர்களில் ஒன்று 'ரசமட்டம்'. ஆம் சிவில் நண்பர்களே, நீங்கள் சர்வேயில் பார்க்கிற அதே ரசமட்டம்தான்! பாரதி மகாகவியா என்ற சர்ச்சையில் வ.ரா.வும் மணிக்கொடிக்காரர்களும் ஒரு பக்கம், கல்கி எதிர்ப்பக்கம். ஆனால் பிற்பாடு எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்பப் பத்திரிகையில் எழுதி, வாசகர்களிடம் பணம் திரட்டி, 1947-ல் ராஜாஜியைக் கொண்டு திறந்து வைத்தவரும் இவரேதான்.

ஊர் சுற்றுவதில் சளைக்காதவர். 'இலங்கையில் ஒரு வாரம்' என்று பயண நூலே இருக்கிறது. மாமல்லபுரக் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யோடு உட்கார்ந்திருந்தபோது மனசில் விழுந்த விதைதான் 'சிவகாமியின் சபதம்'. 'பொன்னியின் செல்வ'னில் அநுராதபுரத்து வீதிகளை நாம் கண்ணால் பார்க்கிற மாதிரி இருக்கிறதே, அது ஒரு நிருபரின் கண். பார்த்ததை முதலில் கட்டுரையாக எழுதிப் பழகிய கைக்குத்தான் அப்படி வரும்.

1954 டிசம்பர் 5 அன்று, 55 வயதில் காலமானார். பாதியில் நின்ற 'அமர தாரா'வை அவர் மகள் ஆனந்தி, அப்பாவின் குறிப்புகளை வைத்து எழுதி முடித்தார். 'அலை ஓசை'க்கு சாகித்திய அகாதெமி பரிசு 1956-ல் வந்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

கல்கியின் எழுத்துக்கள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் பல பதிப்பகங்கள் மலிவாகவே போடுகின்றன. நாவல் வரிசையைத் தாண்டி, 'சங்கீத யோக'த்தை ஒருதரம் எடுத்துப் பாருங்கள். விவாதம் செய்ய ஆள் வேண்டுமென்றால் மூன்றாம் ஆண்டு பிரிண்டிங் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருப்பேன்.