சத்துணவுக்கூடக் கழிவிலிருந்து மண்புழு உரம்: ஒரு பள்ளிச் செயல்திட்டம்

மதிய உணவு வேளை முடிந்ததும் நம் பள்ளிகளில் சேரும் குப்பையைக் கவனித்தால், அதில் பெரும்பகுதி மட்கக்கூடியது என்பது தெரியும். காய்கறித் தோல், கீரைத் தண்டு, முட்டை ஓடு, வேப்பமர நிழலில் கூட்டிய சருகு ஆகிய எல்லாம் ஒரே குவியலாகி, மாலையில் தீ வைக்கப்படுவதும் உண்டு. செடிக்கு உணவாக வேண்டியது புகையாகி, வகுப்பறைக்குள் வந்து மாணவர்களை இருமவைக்கிறது. இதை மாற்ற அதிகப் பணம் தேவையில்லை. ஒரு சிமெண்டு உறையும், கொஞ்சம் சாணமும், பொறுமையும் போதும்.

முதல் முயற்சியும் தோல்வியும்

எங்கள் பள்ளியில் முதன்முறை இதைத் தொடங்கியபோது அவசரப்பட்டேன். அன்று கிடைத்த பச்சைச் சாணத்தைத் தொட்டியில் கொட்டி, மேலே மிச்சமான சாம்பார் சாதத்தையும் போடச் சொல்லி, வெள்ளிக்கிழமை மாலை புழுக்களை விட்டோம். திங்களன்று சாக்கை விலக்கியபோது நாற்றம் முகத்தில் அடித்தது. சில புழுக்கள் தொட்டிச் சுவரில் ஒட்டிக் காய்ந்து கிடந்தன. மற்றவை உள்ளேயே இறந்திருந்தன. ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "சார், நாமதானே இதைக் கொன்னுட்டோம்?" என்று கேட்டாள். ஆம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. ஏன் இறந்தன என்று கண்டுபிடிப்பதே அடுத்த வாரப் பாடமாயிற்று.

காரணங்கள் மூன்று. பச்சைச் சாணமும் புதுக் கழிவும் நுண்ணுயிர்களால் சிதையும்போது வெப்பம் உண்டாகிறது, அம்மோனியாவும் வெளிப்படுகிறது. சாம்பாரில் உள்ள உப்பு, புழுவின் ஈரத் தோலைப் பாதிக்கிறது. குழைந்த சோறு கட்டியாகிக் காற்றை அடைத்துவிடுகிறது. மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. அது தோலால் சுவாசிக்கிறது. ஈரமும் காற்றும் சேர்ந்து இருந்தால்தான் அது உயிர் வாழும். இந்த ஒரு கருத்து புரிந்துவிட்டால் செய்முறை முழுவதும் விளங்கிவிடும்.

எந்தப் புழு?

மழைக்காலத்தில் மைதானத்தில் வெளிவரும் புழுக்களைப் பிடித்துத் தொட்டியில் விடுவது பலரும் செய்யும் தவறு. அவற்றுள் பல மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்பவை. கழிவுக் குவியலில் தங்காது. உரத் தொட்டிக்கு ஏற்றவை, மண்ணின் மேற்பரப்பில் சருகுக்கிடையே வாழும் வகைகள். பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் நம் நாட்டு வகை. ஐசீனியா ஃபெடிடா, ஆப்பிரிக்க வகையான யூட்ரிலஸ் யூஜீனியே ஆகியவையும் பரவலாகப் பயன்படுகின்றன. வேளாண் அறிவியல் நிலையத்திலோ, ஏற்கெனவே உரம் தயாரிக்கும் உழவரிடமோ கேட்டுப் பெறலாம். தொடக்கத்திற்கு அரைக் கிலோ போதும். ஒரு கிலோவில் சுமார் 1000 முதிர்ந்த புழுக்கள் இருக்கும்.

செய்முறை

1. முன்மட்க வைத்தல்: காய்கறிக் கழிவையும் சருகையும் சாணத்துடன் கலந்து, நீர் தெளித்து, நிழலில் 15 முதல் 20 நாள் வரை குவித்து வையுங்கள். வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். குவியலுக்குள் கையை வைத்தால் சூடு தெரியக் கூடாது. அதுவே புழுவை விடும் நேரம்.

2. தொட்டி: நிழலில் ஒரு சிமெண்டு உறையை வைத்து, அடியில் நீர் வடிய வழி செய்யுங்கள். எறும்பு ஏறாமலிருக்கச் சுற்றிலும் சிறு நீர்த் தடம் அமைக்கலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேலே ஓலைக் கூரை அவசியம்.

3. அடுக்குகள்: அடியில் உடைந்த செங்கல்லும் மணலும், அதன்மேல் நனைத்த தென்னை நார், அதன்மேல் பாதி மட்கிய கலவை ஓர் அடி உயரத்திற்கு. புழுக்களை மேலே பரப்பினால் போதும். வெளிச்சம் பிடிக்காமல் தாமாகவே உள்ளே போய்விடும். பிறகு நனைத்த சணல் சாக்கால் மூடுங்கள்.

4. ஈரம்: ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு நீர் வர வேண்டும். ஒழுகினால் அதிகம், உதிர்ந்தால் குறைவு.

5. அறுவடை: சுமார் 60 நாளில் மேற்பகுதி தேயிலைத் தூள் போலக் கருமையாக, மண் வாசனையுடன் மாறும். மூன்று நான்கு நாள் நீர் தெளிப்பதை நிறுத்தினால் புழுக்கள் கீழே இறங்கும். மேலுள்ள உரத்தை எடுத்து வெளிச்சத்தில் கூம்பாகக் குவித்தால், மீதமுள்ள புழுக்களும் அடியில் சேரும். சலித்து, நிழலில் உலர்த்திப் பயன்படுத்தலாம்.

போடக் கூடாதவை: எண்ணெய், உப்பு சேர்ந்த சமைத்த உணவு, இறைச்சி, எலுமிச்சைத் தோல் போன்ற புளிப்புப் பொருள் அதிக அளவில், நெகிழி, கண்ணாடி. முட்டை ஓட்டை நொறுக்கிச் சேர்க்கலாம்.

வகுப்பறை இணைப்பு

தொடக்க வகுப்புகள்: கழிவை மட்குபவை, மட்காதவை எனப் பிரித்தல். இலை, காகிதம், பருத்தித் துணி, நெகிழி உறை ஆகியவற்றைத் தனித்தனித் தொட்டிகளில் புதைத்து 30 நாள் கழித்துத் தோண்டிப் பார்த்தல். ஒவ்வொன்றும் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே ஊகித்து எழுதச் சொல்லுங்கள்.

நடுநிலை வகுப்புகள்: ஆறு தொட்டிகளில் ஒரே வகை வெண்டை விதையை ஊன்றி, மூன்றுக்கு மட்டும் இரண்டு கைப்பிடி மண்புழு உரம் இடுங்கள். மண், நீர், வெயில் எல்லாவற்றுக்கும் ஒன்றே. வாரந்தோறும் உயரத்தையும் இலை எண்ணிக்கையையும் அளந்து வரைபடமாக்கலாம். "ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு தொட்டி போதாதா?" என்ற கேள்வியை மாணவர்களிடமே விடுங்கள். வேறுபாடு தெரியாவிட்டாலும் கண்டதை அப்படியே பதிவு செய்ய வேண்டும்.

உயர்நிலை, மேல்நிலை வகுப்புகள்: ஈரக் காகிதம் விரித்த தட்டின் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, நடுவில் பத்துப் புழுக்களை விட்டு, ஐந்து நிமிடம் கழித்து எண்ணுதல். மூன்று முறை செய்து சராசரி காணலாம். மண்புழுவுக்குக் கண் இல்லை. ஆயினும் ஒளியைத் தோல் உணர்கிறது. சார்லஸ் டார்வின் 1881இல் வெளியிட்ட மண்புழு பற்றிய நூலில் இத்தகைய எளிய சோதனைகளே நிறைந்துள்ளன. பியானோவின் ஒலியைப் பொருட்படுத்தாத புழுக்கள், அவை இருந்த தொட்டியைப் பியானோ மீதே வைத்து வாசித்தபோது அதிர்வை உணர்ந்து வளைக்குள் மறைந்ததை அவர் பதிவு செய்தார். சோதனை முடிந்ததும் புழுக்களை உடனே தொட்டியில் விட்டுவிட வேண்டும்.

கழிவைச் சிதைப்பதில் முதல் வேலை நுண்ணுயிர்களுடையது. அவை மென்மையாக்கிய பொருளைப் புழு விழுங்கி, அரைவைப் பையில் அரைத்து, குருணையாக வெளியேற்றுகிறது. சிதைப்பவை என்ற பாடத்தை நடத்தும்போது இந்தக் கூட்டு வேலையை வலியுறுத்துங்கள்.

யார் செய்வது?

இதில் ஆசிரியர் மிகக் கவனமாக இருக்க வேண்டும். குப்பையைக் கையாளும் வேலை தண்டனையாகவோ, குறிப்பிட்ட சில மாணவர்களின் பொறுப்பாகவோ ஆகிவிடக் கூடாது. எந்த வீட்டுப் பிள்ளை இதைச் செய்யும் என்று ஊர் வழக்கம் ஒரு கணக்கு வைத்திருக்கலாம். பள்ளி அந்தக் கணக்கை ஏற்கக் கூடாது. வருகைப் பதிவேட்டின் வரிசையில் வாரம் ஐவர் என்று முறை வைத்தோம். முதல் வாரப் பட்டியலில் என் பெயரும் இருந்தது. கையுறை, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவுதல் ஆகியவை எல்லோருக்கும் கட்டாயம். கையில் காயம் உள்ளவர்கள் அந்த வாரம் பதிவேடு எழுதலாம்.

விடுமுறையும் ஊரும்

பள்ளித் தொட்டிகள் பெரும்பாலும் மே மாதத்தில்தான் அழிகின்றன. நீர் தெளிக்க ஆள் இருப்பதில்லை. எனவே ஜூனில் கழிவு சேர்த்து, ஜூலையில் புழுவை விட்டு, ஏப்ரல் நடுவில் கடைசி அறுவடையை முடித்துவிடுங்கள். புழுக்களை மூன்று நான்கு பங்காக்கி, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள், விருப்பமுள்ள பெற்றோர் ஆகியோரிடம் ஒப்படைக்கலாம். ஓட்டையிட்ட பழைய பிளாஸ்டிக் குடம் ஒரு பங்குக்குப் போதும். ஜூனில் அவர்கள் திருப்பித் தரும்போது, அவர்கள் வீட்டில் ஒரு பங்கு தங்கிவிடும். வீட்டுக் கழிவை மட்கும், மட்காத, அபாயக் கழிவு எனப் பிரித்துத் தர வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016 கூறின. அந்தப் பழக்கம் ஊருக்குள் செல்ல இதுவும் ஒரு வழி.

மதிப்பீட்டு வினாக்கள்

1. தொட்டியில் நாற்றம் வந்தால் எந்த மூன்றைச் சோதிப்பீர்கள்?
2. பச்சைச் சாணத்தை ஏன் நேரடியாகப் பயன்படுத்தக் கூடாது?
3. நாள்தோறும் 2 கிலோ கழிவு எனில், 22 வேலை நாளில் எவ்வளவு? அதிலிருந்து கிடைத்த உரத்தை எடைபோட்டு, விழுக்காடு காண்க.
4. உங்கள் வீட்டில் ஒரு வாரம் சேரும் மட்கும் கழிவைப் பட்டியலிடுக.

இரண்டாம் முயற்சியில் கிடைத்த உரத்தைப் பள்ளியின் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் இட்டோம். அந்தக் கறிவேப்பிலை இப்போது சத்துணவுச் சாம்பாருக்கே போகிறது. முதலில் கேள்வி கேட்ட அந்த மாணவிதான், புழு விடும் முன்பு குவியலுக்குள் கைவைத்துச் சூடு பார்க்கப் புதிய மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள்.