சிறுநீர்ப்பைக்குள் ஒரு பிசிஜி

சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை விட்டு, என் சிறுநீர்ப்பையில் இருந்த கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். பயாப்ஸி ரிப்போர்ட் வந்ததும் டாக்டர் முதலில் பார்த்தது, கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதைத்தான். தசைச் சுவருக்குள் இறங்கியிருந்தால் பையையே அகற்றும் ஆபரேஷன், அல்லது கீமோவோடு ரேடியேஷன் என்று வழியே வேறு. எனக்குத் தசை வரை போகவில்லை. ஆனால் வீரியம் அதிகமான ரகம். அனுப்பிய சதையில் தசையும் இருந்ததா என்று நீங்களும் கேளுங்கள். தசையே இல்லாத துண்டை வைத்துக்கொண்டு தசைக்குப் பரவவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? இப்படிப்பட்ட நிலையில் சில வாரங்களில் மறுபடி சுரண்டிப் பார்க்கச் சொன்னால் மறுக்காதீர்கள்.

அடுத்தது பிசிஜி என்றார் டாக்டர். "குழந்தைக்குத் தோளில் போடுற டிபி ஊசியாச்சே?" என்று கேட்டாள் என் மனைவி. அதே கிருமிதான், அளவு மட்டும் பல மடங்கு. 1921-இல் பிரான்சில் முதன்முதலாக மனிதருக்குக் கொடுத்த தடுப்பு மருந்து அது. நம் கிண்டியில் 1948-இல் அதற்கென்றே ஆய்வகம் தொடங்கினார்கள். சிறுநீர்ப்பைக்குள் செலுத்தினால் அங்கே வரும் கட்டியை அடக்கும் என்று 1976-இல் கனடாவில் அல்வாரோ மொராலஸ் எழுதினார். வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமி என்பதால், அதை எதிர்க்கக் கிளம்பும் நம் உடம்பு புற்றணுக்களையும் சேர்த்துத் தாக்குகிறது.

உயிருள்ள கிருமி என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற கட்டுப்பாடுகளெல்லாம் தானாகவே விளங்கும். வாரம் ஒன்றாக ஆறு வாரம். காலையில் காபியை விட்டுவிடுவேன், தண்ணீரும் குறைவு. மெல்லிய டியூப் வழியாக மருந்தை ஏற்றி, டியூபை உருவிவிடுவார்கள். இரண்டு மணி நேரம் அடக்க வேண்டும். மருந்து எல்லாப் பக்கமும் படட்டும் என்று நர்ஸம்மா மல்லாக்க, குப்புற, இடம் வலம் என்று திருப்பிப் படுக்கச் சொன்னார். கடைசி அரைமணிதான் கஷ்டம். பேச்சுத் துணைக்கு ஆள் இருந்தால் அந்த நேரம் நகர்ந்துவிடும்.

பிறகு ஆறு மணி நேரம் வரை சிறுநீர் கழிக்கும்போது ஆண்களும் உட்கார்ந்துதான் கழிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கழிவறையில் ப்ளீச் திரவம் ஊற்றி, மூடி, கால் மணி நேரம் விட்டுத் தண்ணீர் அடிப்போம். கையையும் உறுப்பையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தாம்பத்தியத்தில் எவ்வளவு நாள் விலகியிருக்க வேண்டும், ஆணுறை எதுவரை என்பதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். நம் ஊரில் டாக்டர்களும் இதைத் தானாக எடுத்துச் சொல்வது குறைவு.

ஓரிரு நாள் எரிச்சல், அடிக்கடி சிறுநீர், லேசான காய்ச்சல், உடம்புவலி எல்லாம் வரத்தான் செய்யும். 101 டிகிரியைத் தாண்டினாலோ இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ தெருமுனை மருந்துக்கடைக்குப் போகாதீர்கள். கிருமி ரத்தத்தில் கலந்திருக்கக்கூடும், அதற்கு டிபி மாத்திரைதான் வைத்தியம். இன்னொன்று, சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் சாதாரணமாக எழுதித்தரும் சிப்ரோஃப்ளாக்ஸசின், ஓஃப்ளாக்ஸசின் வகை மாத்திரைகள் பிசிஜி கிருமியையும் அடக்கிவிடும். எந்த டாக்டரிடம் போனாலும் பிசிஜி போட்டுக்கொள்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். சிறுநீரில் ரத்தமோ தொற்றோ இருக்கும் நாளில் மருந்தைத் தள்ளிவைப்பதே பாதுகாப்பு.

ஆறு வாரம் முடிந்ததும் பலர் நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய வருத்தம். இந்த நோய் திரும்பத் திரும்ப வரும் சுபாவம் கொண்டது. டாக்டர் சொல்லும் தொடர் டோஸ்களையும், முதல் இரண்டு வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேமரா விட்டுப் பார்ப்பதையும் விடக் கூடாது. பீடி, சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்த வேண்டும். இந்தப் புற்றுநோய்க்கு முதல் காரணமே அதுதான்.

பிசிஜிக்கும் அடங்காவிட்டால் பையை எடுக்கச் சொல்வார்கள். அதையும் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருக்கிறேன். குடலில் ஒரு துண்டை எடுத்து, வயிற்றில் ஒட்டும் பைக்குச் சிறுநீரைத் திருப்பிவிடலாம். சிலருக்கு அதே குடலால் உள்ளேயே புதுப் பையும் தைக்கிறார்கள்.