ஆறு மணி காபியும் நள்ளிரவு விழிப்பும்

கேள்வி: எனக்கு வயது 58. சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கேற்றிவிட்டு ஒரு டம்ளர் ஃபில்டர் காபி குடிப்பது பல வருடப் பழக்கம். இப்போதெல்லாம் பத்து மணிக்குப் படுத்தால் பன்னிரண்டு வரை புரண்டுகொண்டே கிடக்கிறேன். என் கணவரோ அதே காபியைக் குடித்துவிட்டு, படுத்ததும் குறட்டை விடுகிறார். போன வாரம் சளிக்குப் போட்ட மாத்திரையில் நன்றாகத் தூக்கம் வந்தது. அதையே தினமும் போட்டுக்கொள்ளலாமா டாக்டர்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம் அம்மா, தினமும் போடாதீர்கள். காரணம் புரிய வேண்டுமானால், தூக்கம் எப்படி வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

மூளையின் செல்களுக்கு எரிபொருள் ஏ.டி.பி. அது செலவாகும்போது அடினோசின் என்றொரு பொருள் மிஞ்சுகிறது. காலையில் கண் விழித்ததிலிருந்து இது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. சேரச் சேர, நம்மை விழிக்கவைக்கும் செல்களை அடக்குகிறது. இரவில் கண் சொக்குவதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. தூங்கும்போது இதன் அளவு இறங்கிவிடும். மதியம் சாப்பிட்டுவிட்டு நீண்ட நேரம் தூங்குகிறவர்களுக்கு ராத்திரித் தூக்கம் தள்ளிப்போவது இதனால்தான்.

காபியில் உள்ள காஃபீன் அமைப்பில் ஏறக்குறைய அடினோசின் போலவே இருக்கும். பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி, அடினோசின் உட்கார வேண்டிய இடங்களை அது முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. அடினோசின் அப்படியே இருக்கிறது. 'களைப்பாக இருக்கிறது, தூங்கு' என்ற செய்திதான் போய்ச் சேரவில்லை. குடித்த காஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். ஆறு மணிக் காபியில் பாதி பதினோரு மணிக்கும் உங்கள் உடம்பில் இருக்கிறது. சிக்கரியில் காஃபீன் கிடையாது. டிகாக்‌ஷன் எவ்வளவு கெட்டி என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

காஃபீனைச் சிதைப்பது கல்லீரலின் நொதி. அதன் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். பரம்பரைக்கும் அதில் பங்குண்டு. உங்கள் கணவருக்கு அது வேகமாக வேலை செய்யலாம். ஆனால் சட்டென்று தூங்கிப்போவது வேறு, ஆழ்ந்து தூங்குவது வேறு. காஃபீன் ஆழ்ந்த உறக்கத்தைக் குறைத்துவிடும். தூங்குகிறவருக்கே அது தெரியாது. குறட்டைக்கு நடுவே அவருக்கு மூச்சு நின்று திணறுகிறதா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் அவரையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இனி மாத்திரைக்கு வருகிறேன். அது ஏன் தூக்கம் தந்தது என்பதற்கு ஒரு பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டும். முதல் உலகப்போர்க் காலத்தில் ஒருவகை மூளை அழற்சி நோய் பரவியது. வியன்னாவில் அந்த நோயாளிகளைப் பார்த்த மருத்துவர் வான் எகனாமோ, மூளையில் உள்ள ஹைப்போதலாமஸின் முன்பகுதி பழுதானவர்கள் தூக்கமின்றித் தவித்ததையும், பின்பகுதி பழுதானவர்கள் ஓயாமல் தூங்கியதையும் கண்டறிந்தார். முன்பகுதிச் செல்கள் காபா என்ற ரசாயனத்தைச் சுரந்து விழிப்பு மையங்களை அடக்குகின்றன என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அப்படி அடங்குபவற்றில் பின்பகுதியின் ஹிஸ்டமின் செல்களும் சேர்த்தி. மூக்கில் தும்மலைக் கிளப்பும் அதே ஹிஸ்டமின், மூளையில் நம்மை விழிப்பாக வைத்திருக்கிறது. குளோர்ஃபெனிரமின் போன்ற பழைய ரகச் சளி மாத்திரைகள் மூளைக்குள்ளும் புகுந்து ஹிஸ்டமினைத் தடுக்கின்றன. உங்களுக்கு வந்த தூக்கம் பெரும்பாலும் இப்படி வந்ததுதான்.

தொடர்ந்து போட்டால் சில நாளிலேயே அந்தத் தூக்கமும் வராது. வாய் உலர்வது, மலச்சிக்கல், சிறுநீர் சரியாகப் பிரியாமை, மறதி எல்லாம் வரலாம். வயது ஏற ஏற, ராத்திரி பாத்ரூம் போக எழுந்து தடுமாறி விழும் ஆபத்தும் கூடும். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

காபியை விட்டுவிடச் சொல்லவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்குள் குடித்து முடியுங்கள். டீ, கோலாவுக்கும் இதே கணக்குதான். சாயங்காலக் காபியைத் திடீரென்று நிறுத்தினால் தலைவலி வரலாம். டிகாக்‌ஷனை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வாருங்கள். படுப்பதற்கு முன் விளக்கைக் குறைத்து, செல்போனை எட்ட வையுங்கள். இருட்டில் சுரந்து நம்மைத் தூக்கத்துக்குத் தயார்படுத்தும் மெலடோனின் என்ற ஹார்மோனை வெளிச்சம் தடுத்துவிடும். ராத்திரி தூக்கம் கெட்டாலும் காலையில் வழக்கமான நேரத்துக்கு எழுந்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் வராமல், அது மூன்று மாதத்துக்கு நீடித்தால், மருந்துக்கடையில் நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள். மருத்துவரிடம் போங்கள். மாத்திரை இல்லாமலே பழக்கங்களையும் எண்ணங்களையும் சீராக்கும் சிகிச்சை இருக்கிறது. முதலில் அதைத்தான் கேட்டுப் பெற வேண்டும்.