வாலிபரும் வாள் பயிற்சியும்

சுங்கை லாலாங் கடைத்தெருவில் நெடுங்காலமாக இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர், சென்ற மாதம் அஸர் தொழுகைக்குப் பின் நம்மிடம் ஒரு சந்தேகம் கேட்டார். "காக்கா! என் மகன் சிலம்பம் பழகப் போகிறேன் என்கிறான். பிறகு வாள் வீச்சும் கற்க வேண்டுமாம். பொழுதுபோக்குக்குத்தானே வாப்பா என்கிறான். பாராங் வெட்டு, கும்பல் சண்டை என்று நாள்தோறும் படிக்கிறோம். இந்தக் காலத்தில் பிள்ளை கையில் ஆயுதம் கொடுக்கலாமா?" என்றார்.

இது அவர் ஒருவருடைய கவலையன்று. 2013-ஆம் ஆண்டு நம் நாட்டின் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. நம் இன வாலிபர்கள் சிக்கிய கும்பல்களும் அதில் இருந்தன. பெற்ற வயிறு கலங்குவது இயற்கையே. ஆகவே இவ்விஷயத்தைச் சற்று விரிவாகச் சீர்தூக்கிப் பார்ப்போம்.

மார்க்கம் காட்டும் வழி

பெருநாள் ஒன்றில் அபிசீனியத் தோழர்கள் மதீனாப் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு ஆடினர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனைக் கண்டு களித்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் காணும்படி செய்தார்கள். ஆட்டத்தைத் தடுக்க முனைந்த உமர் (ரலி) அவர்களை, விட்டுவிடும்படி நாயகம் கூறியதாகப் புகாரியில் காண்கிறோம். ஆயுத விளையாட்டு மார்க்கத்திற்குப் புறம்பானதன்று என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஆனால் அதே நாயகம் (ஸல்) அவர்கள் இட்ட நிபந்தனைகளையும் நாம் மறத்தலாகாது. பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ அம்புடன் செல்பவர், பிறர்மீது பட்டுவிடாதபடி அதன் கூர்முனையைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கட்டளையிட்டார்கள். உறையிலிருந்து உருவிய வாளை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கையில் கொடுப்பதைத் தடுத்தார்கள். சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டலாகாது. ஷைத்தான் கையைத் தடுமாறச் செய்துவிடக்கூடும் என்று எச்சரித்தார்கள். மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவன் வீரனல்லன், கோபத்தில் தன்னை அடக்குபவனே வீரன் என்றும் போதித்தார்கள். ஆயுதத்தைத் தொடு, ஆனால் அதன் கூர்மைக்கு நீயே பொறுப்பாளியாக இரு என்பதே இவற்றின் சாரம்.

நமக்குப் புதிதன்று

வாளும் இரும்பும் இம்மண்ணுக்குப் பழைய உறவு. நம் ஊருக்கு அண்மையில், பிடோங் பக்கத்துச் சுங்கை பத்துவில், பண்டைக் காலத்து இரும்பு உலைக்களங்களும் படகுத்துறைகளும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. பத்தாம் நூற்றாண்டு அரபுப் பயணி அபூ துலஃப், 'கலா' என்னும் துறைமுகத்தில் ஈயச் சுரங்கம் உண்டென்றும், அங்கே 'கலயீ' என்னும் வாள்கள் அடிக்கப்பட்டன என்றும் எழுதினார். அந்தக் கலா நம் கெடாவே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். நம் வீட்டுச் செப்புப் பாத்திரத்துக்குப் பூசும் 'கலாய்' என்ற சொல்லும் அவ்வழி வந்ததே என்பர்.

சிலம்பமோ தாயகத்திலிருந்து நம்மவரோடு கப்பலேறி வந்தது; தோட்டத்து லயங்களுக்கு நடுவே வளர்ந்தது. தமிழ் முஸ்லிம்களுக்கும் இதில் பங்குண்டு. இலங்கையின் கிழக்கு மாகாணத்து முஸ்லிம் ஊர்களில் சீனடி, சிலம்படி என்ற பெயர்களில் இக்கலை பழகப்பட்டு வருகிறது.

கூடத்தின் ஒழுங்கு

நல்ல ஆசானிடம் சேரும் பிள்ளைக்கு முதல் நாளே வாள் கிடைத்துவிடாது. முதலில் காலடி. பிறகு, நெற்றி உயரத்துக்குப் பிரம்பிலோ மூங்கிலிலோ கம்பு. ஆசானுக்கும் எதிராளிக்கும் மரியாதை செய்யும் சலாம் வரிசை. அதன்பின் வீச்சு, தடுப்பு, தொடுமுறை. வாள், மான்கொம்பு, சுருள்வாள் ஆகியவை கடைசியில் வருபவை. சுருள்வாள் வளையும் தகட்டால் ஆனது. சுழற்றுபவன் கவனம் தவறினால் அது முதலில் வெட்டுவது அவனையே! எனவேதான் கை அடங்கிய மாணவனுக்கே ஆசான் அதைத் தருவார்.

தொடுமுறைப் போட்டியில் கம்பின் நுனியால் எதிராளியின் உடலைத் தொட்டாலே புள்ளி. தொட்ட இடம் தெரிய நுனியில் பொடி தோய்ப்பதும் உண்டு. எலும்பை முறிக்கும் வலு உள்ளவன் பொடித் தடத்தோடு நிறுத்திக் கொள்கிறான். இந்த அடக்கம் வருவதற்குத்தான் வருடக் கணக்கில் பயிற்சி.

சினிமாவைப் பார்த்து வாள் ஏந்தத் துடிக்கும் வாலிபர் எக்காலத்திலும் உண்டு. 1958-இல் 'நாடோடி மன்னன்' வந்தபோது தெருவெல்லாம் குச்சி வாள்தான்! எம்.ஜி.ஆர். சிலம்பம் பயின்றவர் என்பதையும், திரையில் கண்ட சண்டை பலமுறை ஒத்திகை பார்த்து ஆடியது என்பதையும் அச்சிறுவர்களுக்கு யார் சொன்னார்?

தோட்டத்தில் கண்ட பாடம்

பயிற்சியும் கட்டுப்பாடும் சமூகத்துக்கு உதவியதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், 1946-இல், பிடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. தோட்ட வாலிபர்கள் சீருடையணிந்து அணிவகுப்புப் பழகினர். அவர்கள் எதிர்த்த பகைவன் கள்! 1947 பிப்ரவரி இறுதியில் பிடோங் கள்ளுக்கடை மறியலின்போது போலீசாருடன் மோதல் மூண்டது. தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். பின்னர் அவ்வியக்கம் ஒடுக்கப்பட்டது. எனினும், கள்ளுக்கடையில் கூலியைத் தொலைத்த வாலிபன் நேரத்துக்கு எழுந்து அணியில் நின்றான் என்பது சிறு மாற்றமா?

இக்காலத்து வாள்

இன்று வாள் உலக அரங்கிலும் விளையாட்டாக மதிக்கப்படுகிறது. சென்னைப் பெண்மணி பவானி தேவி, பள்ளியில் மூங்கில் குச்சியால் வாள் வீச்சுப் பழகத் தொடங்கி, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் வாள்வீச்சு வீராங்கனையாகக் களமிறங்கினார். முதல் சுற்றில் 15-3 என வென்று, அடுத்ததில் தோற்றார். அமெரிக்க முஸ்லிம் பெண்மணி இப்திஹாஜ் முஹம்மது தலைமுக்காட்டுடன் ஆடி, 2016 ரியோவில் குழுப் போட்டியில் வெண்கலம் பெற்றார். உடல் முழுதும் மூடும் உடை என்பதாலேயே இவ்விளையாட்டு அவர் குடும்பத்துக்குப் பிடித்ததாம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பமும் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது.

பெற்றோர் கவனத்திற்கு

ஒன்று: ஆசானின் நடத்தையை நேரில் விசாரித்து அறியுங்கள். கூடத்தில் சண்டைக்கதை பேசுபவர் ஆசானல்லர்.

இரண்டு: பதிவு பெற்ற கழகத்தில் சேருங்கள். கம்பு கைவந்தபின் வாள். அதுவும் முதலில் கூரில்லாத வாள்.

மூன்று: ஆயுதம் கூடத்திலேயே இருக்கட்டும். நியாயமான காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் ஏந்துவது 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சிறைத் தண்டனை உண்டு. மோட்டார் சைக்கிளில் வாளைச் செருகிக்கொண்டு போகும் பிள்ளையைத் தகப்பன் பணம் காப்பாற்றாது.

நான்கு: கற்றதைக் கோபத்தில் ஒருமுறை பயன்படுத்தினாலும் பயிற்சி நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இவ்வளவும் கேட்ட அன்பர், "பையனுக்கு இதெல்லாம் மண்டையில் ஏற வேண்டுமே!" என்றார்.

"உங்கள் கடையில் பாராங் விற்கிறீர்களே, வாங்குபவரிடம் எப்படிக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டோம்.

"அலகைப் பழைய பேப்பரில் சுற்றி, பிடியை அவர் பக்கம் திருப்பிக் கொடுப்பேன்."

"கூர்முனை யார் பக்கம்?"

"என் பக்கம்தான்" என்றவர், சொல்லிவிட்டுச் சிரித்தார்.

கடைவீதியில் கூர்முனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்ன நாயக வாக்கை அவர் நெடுங்காலமாகக் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றே செய்து வருகிறார். மகனைச் சில நாள் கடையில் நிறுத்தி அந்த ஒன்றைக் கற்றுக் கொடுக்கட்டும். அதன்பின் கூடத்துக்குத் தாராளமாக அனுப்பட்டும். இதுவே நம் விடை.