உப்புநீர்க் குளத்தில் குளோரின் இல்லையா?

வீட்டு நீச்சல் குளத்துக்கு உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் மிஷினைப் பொருத்தியவர்களுக்கு, அதைப் பற்றித் தெரிந்தது பெரும்பாலும் விற்றவர் சொன்னது பாதி, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பாதி. இரண்டையும் கொஞ்சம் சலித்துப் பார்க்கலாம்.

நம்பிக்கை: உப்புநீர்க் குளத்தில் குளோரின் கிடையாது.

நன்றாகவே இருக்கிறது. கடையில் வாங்கிக் கொட்டாமல் வீட்டிலேயே தயாரித்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். பில்டரைத் தாண்டிக் குழாயில் பொருத்தியிருக்கும் செல்லுக்குள் டைட்டேனியத் தகடுகள் இருக்கின்றன. அவற்றின் மேல் ருத்தேனியம், இரிடியம் ஆக்சைடு பூச்சு. மின்சாரம் பாய்ந்ததும் உப்பிலுள்ள குளோரைடு குளோரினாகிறது. வேலை முடிந்ததும் பெரும்பாலும் குளோரைடாகவே தண்ணீரில் சேர்ந்துவிடுகிறது. ஆகவே மாதாமாதம் உப்பு போட வேண்டியதில்லை. தண்ணீர் ஆவியானாலும் உப்பு தங்கிவிடும். பேக்வாஷ் செய்யும்போதும், பிள்ளைகள் குதித்துத் தெறிக்கும்போதும், ஐப்பசி மழையில் குளம் வழியும்போதும்தான் உப்பு வெளியே போகிறது.

நம்பிக்கை: 'லோ சால்ட்' விளக்கு எரிந்தால் ஒரு மூட்டை உப்பைக் கொட்ட வேண்டும்.

பணமும் தண்ணீரும் அதிகம் வீணாவது இதனால்தான். பல மிஷின்கள் உப்பை நேரடியாக அளப்பதில்லை. செல்லில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதை வைத்துக் கணக்குப் போடுகின்றன. தகடுகளில் சுண்ணாம்பு படிந்திருந்தாலும், பூச்சு தேய்ந்திருந்தாலும், தண்ணீர் ரொம்பக் குளிர்ந்திருந்தாலும் அதே விளக்கு எரியும். முதலில் உப்பு அளக்கும் பட்டையால் சோதியுங்கள். டி.டி.எஸ். மீட்டரை நம்ப வேண்டாம். போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லாவற்றையும் அது சேர்த்துக் காட்டும்.

பெரும்பாலான மிஷின்கள் கேட்பது லிட்டருக்கு 3 கிராம் அளவு உப்பு. கடல்நீரில் இருப்பது சுமார் 35 கிராம். 1,000 லிட்டருக்கு 1 கிலோ போட்டால் லிட்டருக்கு 1 கிராம் கூடும். 50,000 லிட்டர் குளத்தில் அரை கிராம் குறைந்திருந்தால் 25 கிலோ போதும். கூடுதலாகக் கொட்டிவிட்டால் குறைக்க மருந்து ஏதுமில்லை. கொஞ்சம் தண்ணீரை இறக்கிவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டியதுதான்.

உப்பு சரியாக இருந்தால் மின்சாரத்தை நிறுத்தி, வால்வை மூடி, செல்லைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கீசர் சுருளில் படிவதுபோல வெள்ளையாகப் படிந்திருந்தால், முதலில் ஹோஸ் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். அதற்கும் போகாவிட்டால் ஐந்து பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ஆசிட். தண்ணீரில்தான் ஆசிட்டை விட வேண்டும், ஒருபோதும் மாற்றிச் செய்யக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் அவசியம். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். நுரைப்பது நின்றதும் எடுத்துக் கழுவிவிடலாம். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் பூச்சு போய்விடும். பூச்சு போனால் செல் போச்சு.

நம்பிக்கை: மாதம் ஒரு முறை ஆசிட்டில் கழுவினால் செல் நீடிக்கும்.

ஆயுள் குறையத்தான் செய்யும். மின் துருவத்தை மாற்றி மாற்றித் தானே படிவை உதிர்த்துக்கொள்ளும் மிஷின்கள் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். படிந்திருந்தால் மட்டும் கழுவுங்கள். அடிக்கடி படிகிறதென்றால் கோளாறு தண்ணீரில் இருக்கிறது. செல்லில் உண்டாகும் ஹைட்ரஜன் குமிழ்கள் கரியமில வாயுவைக் கிளப்பிவிடுவதால், உப்புநீர்க் குளத்தில் பி.எச். ஏறிக்கொண்டே இருக்கும்; அது ஏற ஏறச் சுண்ணாம்பு படியும். வாரம் ஒரு முறை அளந்து, 7.2க்கும் 7.8க்கும் நடுவில் வைத்திருங்கள்.

நம்பிக்கை: குளோரின் நிற்கவில்லையென்றால் மிஷின் பழுது.

சயனூரிக் அமிலம் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? 'ஸ்டெபிலைசர்' என்று கேட்டால் கிடைக்கும். அது இல்லாத குளத்தில் சித்திரை வெயில் பெரும்பகுதிக் குளோரினைச் சில மணி நேரத்திலேயே தின்றுவிடும். மிஷினை மாற்றினாலும் இதே கதைதான்.

நம்பிக்கை: எந்த உப்பானாலும் சரி.

கல்லுப்பில் மண்ணும் மெக்னீசியமும் கலந்திருக்கும். சமையல் உப்பில் அயோடினும் கட்டியாகாமல் தடுக்கும் பொருளும் உண்டு. அயோடின் சேராத, சுத்திகரித்த உப்புதான் வேண்டும். அது முழுதும் கரையும் வரை பம்ப் மட்டும் ஓடட்டும், மிஷினை நிறுத்தி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. மிஷின் அறையில் ஆசிட் கேனை வைக்காதீர்கள்; அதன் ஆவி சர்க்யூட்டை அரிக்கும். அவசரத்துக்கு வாங்கி வைத்த பிளீச்சிங் பவுடர் பக்கத்திலும் கூடவே கூடாது. இரண்டும் கலந்தால் கிளம்புவது மூச்சை அடைக்கும் குளோரின் வாயு.