விண்ணப்பப் படிவத்துக்கு முன்

அன்புள்ள ஜெயபுரம் தங்கச்சிக்கு,

சாதாரண தரமோ உயர்தரமோ எழுதிவிட்டு வீட்டில் நிற்கும் பிள்ளையிடம் ஊர் கேட்பது ஒன்றுதான்: “அடுத்து என்ன கோர்ஸ்?” அந்தக் கோர்ஸை முடித்தவர்களை யார் வேலைக்கு எடுக்கிறார்கள் என்று விசாரிப்பவர்கள் குறைவு. விசாரிப்பதற்கு நாட்டில் தகவல் இல்லாமலில்லை.

1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு, தொழிற்சந்தைத் தகவல் இதழ் ஒன்றை வெளியிடுகிறது. ஊழியப்படைக் கணக்கெடுப்பு, வெளிநாட்டு வேலைக்குப் போனோர் விபரம், பத்திரிகைகளில் வந்த வேலை விளம்பரங்கள் எல்லாம் அதில் சேரும். எந்தத் தொழிலுக்கு எத்தனை பேரைப் பயிற்றுவது, எதைக் குறைப்பது என்று பயிற்சி நிறுவனங்கள் முடிவெடுக்கவே இந்தத் திரட்டு. பிள்ளைகளுக்கும் அது உதவும், வாசிக்கத் தெரிந்தால்.

2023இல் இலங்கையின் வேலையின்மை 4.7 வீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது! ஆனால் கணக்கெடுத்த கிழமையில் ஒரு மணித்தியாலம் உழைத்தவரும் அந்தக் கணக்கில் வேலை உள்ளவரே. ஒருநாள் கூலிக்குக் களை பிடுங்கப் போனவளும் அதற்குள் அடங்கிவிடுவாள். தேடிக் களைத்து, வேலை தேடுவதையே விட்டவளோ ஊழியப்படைக்கு வெளியே நிற்பாள். வேலையற்றோர் பட்டியலிலும் அவள் இல்லை. நாட்டில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்தான் அந்தப் படைக்குள் இருக்கிறார்கள்.

விளம்பரக் கணக்கிலும் ஓட்டை உண்டு. பூநகரியில் வீடு கட்டுபவர் மேசனையும் வயரிங் செய்பவரையும் பேப்பரில் விளம்பரம் போட்டா பிடிக்கிறார்? அயலில் விசாரித்துத்தான். ஆகவே கொழும்பின் எழுதுவினைஞர் வேலை அச்சில் பெரிதாகத் தெரியும், வன்னியின் கைத்தொழில் தெரியாது.

பெரிய திட்டங்களின் அறிவிப்புகளை நம்புவது இதைவிட ஆபத்து. பூநகரியில் 234 மெகாவாட் காற்றாலை வருகிறது என்று பல காலம் பேசப்பட்டது. மன்னார்த் திட்டத்தோடு சேர்த்து அதிலிருந்து அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அந்த ஒரு திட்டத்தை மட்டும் நம்பிப் படித்திருந்தால் என்ன கதி? மின் இணைப்பு வேலையை முறையாகக் கற்றவருக்கோ வீடு, கடை, சூரியக்கலம், மன்னாரில் ஏற்கெனவே சுழலும் தம்பபவனி காற்றாலை என்று பல வாசல்கள். ஒரு திட்டத்துக்காகப் படிப்பதிலும் பல இடங்களில் செல்லும் தொழிலைப் படிப்பதே புத்தி.

கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் மோட்டார் வாகனம், கட்டுமானம், மின், உணவுத் தொழில்நுட்பம் எனப் பிரிவுகள் உண்டு. அங்கோ வேறெங்கோ போனாலும், சான்றிதழ் தேசிய தொழிற்தகைமையின் எத்தனையாவது மட்டம் என்று முதலில் கேள். மட்டங்கள் ஏழு: நான்கு வரை கைத்தொழிற் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். மட்டமே இல்லாத அழகான சான்றிதழ்களும் ஊரில் நிறைய அச்சாகின்றன.

தையல், கேக், அழகுக்கலை என்று பெண்பிள்ளைகளுக்கு முன்கூட்டியே ஒதுக்கிவைத்த பட்டியலையும் சந்தேகி. அவற்றில் பிழையில்லை, ஒரே ஊரில் எத்தனை பேருக்கு அவை சோறு போடும் என்பதே கேள்வி.

படிவத்தில் கையெழுத்து வைக்குமுன் பூநகரிப் பிரதேச செயலகத்தில் மனிதவலு உத்தியோகத்தரைச் சந்தித்துக் கேள். சென்ற அணியில் முடித்த இரண்டு பேரைத் தேடிப் பிடித்து, இப்போது எங்கே வேலை, என்ன சம்பளம் என்றும் கேட்டு வா.